தேவாண்ணனுக்கு வந்த கொரியப் பொம்மை

எங்கள் பட்டுக் கடையில் ஏழு பொம்மைகள் நிற்கின்றன. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் போகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்து ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும், அதற்காக. அந்த ஏழுக்கும் தினம் காலையில் புடவை கட்டிவிடுகிறவர் தேவசகாயம். எனக்கு தேவாண்ணா. வயது ஐம்பத்திரண்டு, வளர்ந்த இரண்டு பையன்களுக்கு அப்பா, பெரிய மீசை. இவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பொம்மைதான். ஆனால் அது கடைப் பொம்மை இல்லை.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் விமல்ராஜ், அதே கடையில் ரவிக்கைத் துணிப் பகுதியில் நிற்பவன். வாய் சும்மா இருக்காது என்று வீட்டிலேயே பெயர் எடுத்தவன். தேவாண்ணனை அதிகம் ஓட்டியது நான்தான். அதனால் இதை எழுத வேண்டியவனும் நான்தான்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க டிக்கெட்டே போடலாம். புடவை மாற்றும்போது பொம்மையைச் சுற்றி நாலு பக்கமும் போர்வையைக் கட்டித் திரை போட்டுவிடுவார். உயிரில்லாத பொம்மைக்கு என்னண்ணா வெட்கம் என்று கேட்டால், "வெக்கம் அதுக்கு இல்லப்பா, ரோட்ல போறவனுக்கு இருக்கணும்" என்பார். திரைக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்கும். "தோளை இப்பிடி சாய்ச்சுக்கினு நின்னா முந்தானி எப்பிடிமா நிக்கும்?" என்று மூன்றாவது பொம்மையைத் திட்டிக்கொண்டிருப்பார். அதற்கு லாரியில் வந்து இறங்கும்போதே தோள் ஒடிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாகத் திட்டுகிறார், அதுவும் திருந்துவதாக இல்லை.

அவருடைய அப்பா ஏனாத்தூர் பக்கம் ஊரார் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இவர் பத்தொன்பது வயதில் எங்கள் கடைக்கு மூட்டை தூக்க வந்தார். பொம்மை கட்டுகிற ஆள் ஒரு தீபாவளி சமயத்தில் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட, பக்கத்தில் நின்றிருந்த இவரைப் பிடித்து அந்த வேலையில் போட்டார்கள். மதியத்துக்குள் மூன்று பொம்மைகளுக்குக் கொசுவம் அவிழ்ந்து இறங்கிவிட்டதாம். அடுத்த வாரம் மடிசார் கட்டப் போய் மாட்டிக்கொண்டார். சின்ன காஞ்சிபுரத்து அம்ருதவல்லி மாமி அதைப் பார்த்துவிட்டுக் கடை வாசலிலேயே, "எந்த ஆத்து மாட்டுப்பொண்ணு இப்படிக் கட்டிண்டு நிக்கறா?" என்று சத்தம் போட்டார். இவர் அசரவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா, நான் கட்றேன்" என்று நின்றுவிட்டார். மாமி நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை அசைக்காமல் வாயாலேயே கட்ட வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு மடிசார் கட்டத் தெரியாத கல்யாணப் பெண்களிடம், அந்தக் கடைப் பொம்மையைப் போய்ப் பார் என்று அதே மாமிதான் சொல்லி அனுப்புகிறார்.

இவ்வளவு பட்டும் கையில் புரண்டாலும், தன்னுடையது என்று தேவாண்ணனிடம் எதுவும் கிடையாது. கையில் இருக்கும் போன் மூத்தவன் கமல் கழித்துப் போட்டது. கடிகாரம் மச்சான் வேறு வாங்கிக்கொண்டதும் இவர் கைக்கு வந்தது. தன் கல்யாணத்துக்கு உடுத்திய பட்டு வேட்டிகூடக் கடையிலிருந்து இரவல், மறுநாளே மடித்துக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டார். இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்ல மாட்டார். யார் எதைக் கேட்டாலும் "எடுத்துக்கபா" என்பதுதான் அவர் வாயில் முதலில் வரும். அவருடைய சாப்பாட்டு டப்பாவிலிருந்து நானே எத்தனையோ முட்டையை எடுத்துத் தின்றிருக்கிறேன். கூச்சமே பட்டதில்லை.

போன வருடம் ஆடித் தள்ளுபடி முடிந்த சமயம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கொரியாக்காரர் ஒருவரின் மனைவி கடைக்கு வந்தார். பெயர் மின்ஜி. கணவரின் ஆபீசில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம், அதற்குப் புடவை கட்டிக்கொண்டுதான் போவேன் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. எங்களிடமே புடவை எடுத்தாகிவிட்டது, கட்டத்தான் தெரியவில்லை. எங்கள் கடையில் வீடியோ காலில் புடவை விற்கும் ஸிந்துஜா இங்கிலீஷில் எவ்வளவோ விளக்கிப் பார்த்தாள். கடைசியில் தேவாண்ணன் ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடி பக்கத்தில் நிறுத்தினார். அவர் பொம்மைக்கு ஒரு சுற்று சுற்றுவார், அந்த அம்மா ஸிந்துஜா துணையோடு தனக்கு ஒரு சுற்று சுற்றிக்கொள்வார். பேச்சே இல்லை. மூன்று நாள் வந்து கற்றுக்கொண்டு, மூன்றாம் நாள் யார் உதவியும் இல்லாமல் கட்டிக்கொண்டு நின்று, தேவாண்ணனைப் பார்த்துக் குனிந்து ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். ஆசிரியரை அவர்கள் ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள் என்று ஸிந்துஜா கேட்டுச் சொன்னாள். தேவாண்ணன் பதிலுக்குக் குனிந்து, மேஜையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

மின்ஜி அம்மா தன் ஊருக்கு ஒரு நடை போய்விட்டுத் திரும்பியதும், பொங்கலுக்கு முந்தின வாரம், அவருடைய கார் டிரைவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியின் மேல் கோணல்மாணலாகத் தமிழில் எழுதியிருந்தது: தேவசகாயம். யாரிடமோ கேட்டு, அந்த அம்மாவே எழுத்து எழுத்தாக வரைந்திருக்கிறார். கடையே கூடிவிட்டது. பிரித்தால் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு முழ உயரத்துக்கு ஒரு பொம்மை. மாம்பழ மஞ்சளில் குட்டைச் சட்டை, அரக்குச் சிவப்பில் தரை தொடும் பாவாடை, நீளப் பின்னல், சட்டையின் முன்னால் ஒரு ரிப்பன் முடிச்சு. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. தேவாண்ணன் பார்த்தபடியே நின்றார். கடைக்கு ஒரு புது டிசைன் வந்தால்கூட அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"யாருக்குண்ணா இது?" என்றாள் ஸிந்துஜா.

எல்லோரும் அவர் மீசையைப் பார்க்கிறோம். மனுஷன் வெலவெலத்துப் போய், "பாப்பாவுக்கு" என்றார்.

ஸிந்துஜா கூண்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். "இது விளையாடற பொம்மை இல்லையாம்ணா. பெரியவங்க கலெக்ட் பண்ணி வெச்சுக்கறதாம். பதினஞ்சு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு."

"பாப்பாவுக்குப் பதினாறு ஆவுது."

நான் விடுவேனா? "எந்தப் பாப்பாணா? உங்க வூட்ல ரெண்டும் தடிப்பசங்களாச்சே!"

"மச்சான் பொண்ணுப்பா. திரிஷா."

முதலாளி கலியாணசுந்தரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஒரு பத்து நாள் நம்ம ஷோகேஸ்ல வெக்கலாமே தேவா?"

அந்த இடத்தில் வழக்கமாக வரவேண்டிய "எடுத்துக்கங்க" வரவில்லை. "பாப்பா காத்துக்கினு இருக்கும் முதலாளி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை ஒரு கட்டைப்பையில் போட்டு, அன்று முழுவதும் கண் மறைவாக வைத்திருந்தார். இத்தனைக்கும் அந்தத் திரிஷா சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். அவளுக்கு இப்படி ஒரு பொம்மை வந்திருப்பதே தெரியாது. இது எனக்குத் தெரிந்த பிறகு, காலையில் கடை திறந்ததும் என் முதல் வேலை, "பாப்பா நல்லா தூங்குச்சாணா?" என்று கேட்பது. அவர் போர்வைத் திரைக்குள் போய்விடுவார்.

வீட்டில் நடந்ததை அவர் மனைவி சுகாசினி அண்ணி பிறகு என்னிடம் சொன்னார். தேவாண்ணன் பொம்மைக்கு டிவி பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார். தினம் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை கூண்டு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பது. நாலாம் நாள் கண்ணில் ஒரு குறை பட்டுவிட்டது. ரிப்பன் முடிச்சில் காது மாதிரி நிற்கும் வளையம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மறுபக்கம் ரிப்பன் சும்மா தொங்குகிறது.

"வர்ற வழியில அவுந்துட்டிருக்குது பாரு" என்றார் அண்ணியிடம்.

"அது அப்பிடித்தான் இருக்கும், சும்மா வுடு" என்று அண்ணி சொல்லியிருக்கிறார். ஒரு கொசுவ மடிப்பு அரை விரல் விலகினாலே சோறு இறங்காத ஆளிடம் போய்ச் சொன்னால்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு கூண்டைத் திறந்து முடிச்சை அவிழ்த்துவிட்டார். முடிச்சு அவிழ்ந்ததும் சட்டை திறந்துகொண்டது. சட்டைக்குள் பார்த்தால், பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறது. "பாவாடைய எவனாவது இங்க கட்டுவானா? அவசரத்துல ஏத்தி கட்டிட்டானுங்க" என்று தொழிற்சாலைக்காரனைத் திட்டிவிட்டு, பாவாடையை இடுப்புக்கு இறக்கினார். இறக்கியதும் அது தரையில் புரண்டது. மிச்சத்தை அழகாக மடித்துக் கொசுவம் வைத்துச் செருகினார். இப்போது சட்டைக்கும் பாவாடைக்கும் நடுவில் வயிறு தெரிந்தது. பெண் பிள்ளையை அப்படி நிறுத்த மனசு வருமா? மறுநாள் என்னிடம் வந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டுத் துண்டு கேட்டார். மாங்காய்ப் புட்டா போட்ட பச்சையில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன், எதற்கென்று தெரியாமல். அது தாவணி ஆயிற்று. ரிப்பனுக்கும் இரண்டு காது வைத்து இறுக்கிக் கட்டினார்.

"இப்பத்தான் லட்சணமா இருக்குது" என்றாராம்.

"லட்சணமாத்தான் இருக்குது. காமாட்சியம்மன் கோயிலுக்கு இட்டுக்கினு போலாம் போல" என்றார் அண்ணி. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

இரண்டு வாரம் அந்தச் சந்தோஷத்தில் போயிற்று. பிறகு சின்னவன் சத்யராஜ் போனில் தேடிக் காட்டிவிட்டான். கொரியாவில் பெண்கள் அந்த உடுப்பை எப்படிப் போடுகிறார்கள் என்று வரிசையாகப் படங்கள். எல்லாப் பாவாடையும் மார்புக்கு மேலேதான். எல்லா முடிச்சுக்கும் ஒரே காதுதான். தேவாண்ணன் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், ஒன்றிலாவது இரண்டு காது இருக்காதா என்று. இல்லை.

அன்றிலிருந்து ஆளே சரியில்லை. பழையபடி கட்ட முயன்றிருக்கிறார். வீடியோவில் வளர்ந்த பெண் தன் இரண்டு கையால் கட்டிக்கொள்வது சுலபமாகத் தெரிகிறது, முழ உயரப் பொம்மைக்கு வரவில்லை. பாவாடை நழுவுகிறது, ரிப்பன் கசங்குகிறது. பதினெட்டு விதமாகப் புடவை கட்டத் தெரிந்த கை அது. கடைசியில், அவருக்குக் கட்ட வந்த ஒரே கோலமான அந்தத் தாவணியையே திரும்பக் கட்டி நிறுத்திவிட்டார். கடையிலும் அவர் கட்டிய புடவைகளில் முந்தானை ஏறி இறங்கியது. "என்னாய்யா ஆச்சு உனக்கு?" என்று முதலாளியே கேட்டார். நான் வழக்கம்போல, "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல முதலாளி" என்றேன். கடையே சிரித்தது.

பங்குனி பிறந்ததும் ஸிந்துஜாவுக்கு போன் வந்தது. மின்ஜி அம்மாவின் கணவருக்கு ஊர் மாற்றல், குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். சனிக்கிழமை கடைக்கு வந்து சொல்லிக்கொண்டு போகிறாராம். தேவாண்ணனோடும் பொம்மையோடும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம், அதனால் பொம்மையைக் கொண்டுவரச் சொன்னார்.

அந்த மூன்று நாள் தேவாண்ணன் முகத்தைப் பார்த்து எனக்கே கேலி வரவில்லை. கொண்டுவந்தால் கெடுத்து வைத்திருப்பது தெரியும். பாப்பா கதையும் கந்தலாகும். கொண்டுவராமல் இருந்தால், ஊரை விட்டே போகிற அந்த அம்மாவை வெறும் கையோடு அனுப்ப வேண்டும். லீவு போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை காலையில் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

மின்ஜி அம்மா நாங்கள் விற்ற அதே புடவையில் வந்தார், கொசுவம் பிசகாமல். தேவாண்ணன் யாரையும் பார்க்காமல் கூண்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

கொரியாவிலிருந்து வந்த பெண் பச்சைத் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு காது வைத்த ரிப்பனோடு நின்றது. மின்ஜி அம்மா ஒரு நொடி விழித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த முடியாமல் புடவை விரிக்கிற பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். அது கோபச் சிரிப்பா, சந்தோஷச் சிரிப்பா என்று எங்களுக்குப் புரியவில்லை. முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது.

"யாருய்யா இத இப்பிடி பண்ணது? கொழந்தைங்க கையில குடுத்தா இப்பிடித்தான்! மேடம்கிட்ட மன்னிப்பு கேளு" என்றார்.

மின்ஜி அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸிந்துஜாவிடம் ஏதோ கேட்டார். யார் கட்டிவிட்டது என்று கேட்கிறார் என்பது பாஷை தெரியாத எனக்கே புரிந்தது. ஸிந்துஜா தேவாண்ணன் பக்கம் குனிந்து, "பாப்பா தெரியாம பண்ணிடுச்சுன்னு சொல்லிடறேன்ணா" என்று கிசுகிசுத்தாள். நானும், "ஆமாணா, அப்பிடியே சொல்லிடலாம்" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன். தப்பிக்க வழி திறந்தே இருந்தது, தலையை ஆட்டினால் போதும்.

தேவாண்ணன் இரண்டு கையையும் கூண்டின் மேல் வைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. பாப்பாலாம் யாரும் இல்ல. நான்தான் அவுத்தேன், நான்தான் கட்னேன். இது எனக்கு வந்துது. என் பேரு போட்டு வந்துது. என்னுது. மேடம்கிட்ட அப்பிடியே சொல்லு."

அவர் சொன்னது கடை முழுக்கக் கேட்டது. இந்தத் தருணத்துக்காகத்தான் நான் இரண்டு மாதத்துக்கு மேலாகக் கிண்டல் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. யாருமே சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவர் "என்னுது" என்று சொல்ல இவ்வளவு சிரமப்பட வேண்டியிருந்ததே, அதில் எனக்கும் பங்கு உண்டே என்று வெட்கமாக இருந்தது.

ஸிந்துஜா சொன்னதைக் கேட்டு மின்ஜி அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்டார். ஸிந்துஜா எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "அவருக்குன்னுதானே குடுத்தேன், நீங்கல்லாம் யாருக்குன்னு நினைச்சீங்கன்னு கேக்கறாங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மின்ஜி அம்மா எழுந்து முதலில் அந்தத் தாவணிப் பெண்ணை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார், தன் அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம். பிறகு உடுப்பைப் பிரித்து, மெதுவாக, ஒவ்வொரு கட்டாக நிறுத்தி நிறுத்திக் கட்டிக் காட்டினார். பாவாடையைப் பின்னாலிருந்து சுற்றிக் கொண்டுவந்து எங்கே இறுக்குவது, ரிப்பனின் எந்த முனை மேலே வருவது, ஒற்றைக் காதை எந்த விரலால் பிடிப்பது. கட்டி முடித்து, எல்லாவற்றையும் அவிழ்த்து, பொம்மையைத் தேவாண்ணன் பக்கம் நகர்த்தினார். அவருக்கு மூன்றாவது தடவையில் வந்துவிட்டது. அந்தக் கோலத்தில் இருவரும் பொம்மையை நடுவில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தேவாண்ணன் விறைத்துக்கொண்டு நின்றார், ஆனால் மீசைக்குக் கீழே சிரிப்பு தெரிந்தது. பச்சைத் தாவணியை மின்ஜி அம்மா தன் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினார்.

கார் போன பிறகு கூட்டம் கலைந்தது. சாயந்திர டீயும் மெதுவடையும் வந்தன. தின்றுகொண்டே நான் மேஜை பக்கம் போனேன். இத்தனை நாள் பேசிய எனக்கு, அந்தத் துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசையாக இருந்தது.

"ஒருவாட்டி கையில எடுத்துப் பாக்கட்டாணா?"

தேவாண்ணன் என் விரல்களைப் பார்த்தார்.

"கையெல்லாம் எண்ணெயா இருக்குது. கழுவிக்கினு வா" என்றார்.

நான் பின்பக்கம் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்தேன்.